சுகாதாரக் கொள்கை படிக்கப் பிரிட்டன் உதவித்தொகை: எதை எப்போது செய்வது, பணம் எங்கே போகும்

மருத்துவம், நர்சிங், பார்மசி, சமூகப்பணி, பொருளாதாரம் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு வேலைக்குப் போனவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் கேள்விகள் முளைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கடைசியில் ஏன் மாத்திரை தீர்ந்துபோகிறது? காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் கைக்காசு போகிறது? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளை முறையாகப் படிப்பதுதான் சுகாதாரக் கொள்கைப் படிப்பு. பிரிட்டனில் ஓராண்டில் எம்எஸ்சி முடித்துவிடலாம். ஆனால் லண்டனின் பெரிய நிறுவனங்களில் வெளிநாட்டு மாணவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே 30,000 பவுண்டைத் தாண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு உதவித்தொகை இல்லாமல் அந்தப் பக்கம் போக வழியில்லை.

நான் பார்மசி படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் மருந்து வினியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இந்தப் பாதையில் அலைந்து முடித்தபோது, யாராவது இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. உதவித்தொகைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கெடு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. அடுத்தது, முழுச் செலவையும் தருகிற உதவித்தொகைக்குக்கூட, அது கைக்கு வருமுன் சொந்தப் பணம் கணிசமாகக் கரையும். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டைச் சுற்றித்தான். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். செவனிங், காமன்வெல்த் என்ற இரண்டு உதவித்தொகைகளைப் பற்றிய பகுதிகள் இலங்கை வாசகர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. எந்த உதவித்தொகை உங்களுக்குப் பொருந்தும் என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறு ஆளைத் தேடுகிறது.

செவனிங்: பிரிட்டன் அரசு தருவது. படிப்புக் கட்டணம், மாதாந்தரத் தொகை, விமானச் சீட்டு எல்லாம் அடக்கம். வயது வரம்பு இல்லை. குடும்ப வருமானம் கேட்பதில்லை. அவர்கள் தேடுவது தலைமைப் பண்பு. மதிப்பெண்ணுக்கு இரண்டாம் இடம்தான். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப்: வளரும் காமன்வெல்த் நாடுகளின் மாணவர்களுக்கு. இங்கே மதிப்பெண் முக்கியம், கூடவே உங்களால் சொந்தப் பணத்தில் பிரிட்டனில் படிக்க இயலாது என்பதும் முக்கியம். பணக்கார நாடு ஒன்றில் ஏற்கெனவே ஒரு கல்வியாண்டோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் இடமில்லை. சுகாதார அமைப்புகளை வலுப்படுத்துவது இதன் அறிவிக்கப்பட்ட கருப்பொருள்களில் ஒன்று என்பதால் நம் துறைக்கு இது நேராகப் பொருந்தும். ஆனால் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றில் குறிப்பிட்ட படிப்புகளுக்கும் மட்டும்தான் கிடைக்கும். வேலை அனுபவம் குறைவு, மதிப்பெண் நன்று என்றால் செவனிங்கைவிட இதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

கிரேட் ஸ்காலர்ஷிப்: குறைந்தது 10,000 பவுண்டு, கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு காசு வராது. இதை மட்டும் நம்பிப் புறப்பட முடியாது.

நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்: ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் தருவது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோருக்கு மொத்தம் 125 இடங்கள். இவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. வயது 35க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், முந்தைய பட்டத்தில் 60 விழுக்காடு. க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் நிறுவனத்தில் இடம் வாங்கியிருக்க வேண்டும். நம் துறைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சுகாதாரப் படிப்புக்கு உலகப் புகழ் பெற்ற லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் ஒரே துறைக்கான நிறுவனம் என்பதால் க்யூஎஸ் பொதுத் தரவரிசையில் இடம்பெறுவதில்லை. ஆஃபர் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்து அழுவதில் பயனில்லை. இன்னொன்று, 2025-26க்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்றார்கள். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததை வைத்து வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை வெளிநாட்டு மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தகுதியுள்ளவர்கள் இதை முதலில் விசாரியுங்கள். நம் ஊரிலேயே அலுவலகம், தமிழிலேயே கேள்வி கேட்கலாம் என்பது சின்ன வசதி இல்லை.

அமெரிக்காதான் போவேன் என்பவர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் இருக்கிறது. பொது சுகாதாரம் அதன் துறைகளில் ஒன்று. மூன்று ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். மூன்று ஆண்டு இளங்கலை மட்டும் முடித்தவர்களுக்குப் பொருந்தாது. ஜெர்மனிக்கு டாட் என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பின் எபோஸ் திட்டம். இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே பிரிட்டனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2. வேலை அனுபவத்தை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள்

செவனிங் கேட்பது இரண்டு ஆண்டு அனுபவம், அதாவது 2,800 மணி நேரம். வாரம் 35 மணி, ஆண்டுக்கு 40 வாரம் என்று அவர்கள் கணக்கு. முழுநேரம், பகுதிநேரம், தன்னார்வப் பணி, சம்பளமில்லாத பயிற்சிகூடச் சேரும். பல இடங்களில் வேலை பார்த்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம்.

சேராதது எது என்பதில்தான் சிக்கல். பட்டம் வாங்கக் கட்டாயம் என்று இருந்த பயிற்சி எதுவும் கணக்கில் வராது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் முடித்தவர்களின் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு, பிஎஸ்சி நர்சிங்கின் களப்பயிற்சி, எம்எஸ்டபிள்யூ மாணவர்களின் களப்பணி எல்லாம் போய்விடும். இவற்றை நீக்கிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். 2,800 வரவில்லையென்றால் இந்த ஆண்டு விண்ணப்பத்தை விட்டுவிட்டு அனுபவத்தைச் சேருங்கள். தகுதிச் சல்லடையிலேயே நின்றுவிட்டால் கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை.

பணிச்சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி என்ற மூன்றும் இருக்க வேண்டும். நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகள் தரும் சான்றில் நன்னடத்தைதான் இருக்கும், மணிக்கணக்கு இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

செவனிங்குக்கு மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். மூன்றும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று சுகாதாரக் கொள்கை, ஒன்று மருத்துவமனை நிர்வாகம், ஒன்று தொற்றுநோயியல் என்று வைத்தால், உங்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்று படிப்பவர் முடிவுகட்டுவார்.

நான் அலசிய வரையில்: எல்எஸ்இயில் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) இன்டர்நேஷனல் ஹெல்த் பாலிசி; எல்எஸ்இயும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனும் சேர்ந்து நடத்தும் ஹெல்த் பாலிசி, பிளானிங் அண்ட் ஃபைனான்சிங்; எடின்பரோவில் குளோபல் ஹெல்த் பாலிசி; எண்களோடு ஒட்டுறவு உள்ளவர்களுக்கு யார்க் பல்கலைக்கழகத்தின் ஹெல்த் எகனாமிக்ஸ். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் நஃபீல்ட் மையமும் வளரும் நாடுகளின் சுகாதார அமைப்புகளில் பழுத்த இடம். லண்டனுக்கு வெளியே வாடகை குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள். லண்டனுக்குக் கூடுதலாகத் தரும் மாதத் தொகை அந்த வாடகை வித்தியாசத்தை முழுதும் ஈடுகட்டாது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொள்கை என்ற சொல் தலைப்பில் இருந்தும் பகுதிநேரமாக நடப்பவை, வேலையிலிருக்கும் நிர்வாகிகளுக்கான எக்சிகியூட்டிவ் வகுப்புகள், தொலைநிலைப் படிப்புகள் நிறைய. இவற்றுக்குச் செவனிங் கிடையாது. முழுநேரம், பிரிட்டனில் நேரில், இலையுதிர் காலத்தில் தொடங்கி ஓராண்டுக்குள் முடிவது என்ற நாலும் பொருந்த வேண்டும்.

பாடப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பாடத்தையும் படியுங்கள். சுகாதார நிதி, காப்பீடு, மருந்துக் கொள்முதல், கொள்கைப் பகுப்பாய்வு என்று எது உங்கள் கேள்விக்கு நெருக்கம் என்று குறித்துவையுங்கள். கட்டுரையிலும் நேர்காணலிலும் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

4. காலண்டரைச் சுவரில் ஒட்டுங்கள்

செவனிங் ஆகஸ்ட் முதல் வாரத்தில் திறக்கும். 2024இல் நவம்பர் 5 வரை விட்டிருந்தார்கள். 2025இல் அக்டோபர் 7ஆம் தேதியே மூடிவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்து நவம்பர் வரை நேரமிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். கடைசி நாளிலும் நள்ளிரவுவரை காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பகலாக இருக்கும்போதே மூடுவார்கள், நமக்கு அது மாலை. விண்ணப்பத்தை அனுப்பியபின் கட்டுரையைத் திருத்த வழியில்லை.

காமன்வெல்த் ஷேர்டு பெரும்பாலும் டிசம்பரில் மூடும். இதில் இரட்டை வேலை: காமன்வெல்த் ஆணையத்தின் தளத்தில் ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழகத்தின் தளத்தில் சேர்க்கைக்கு இன்னொன்று. ஒன்றைச் செய்து மற்றதை மறந்தால் எதுவும் நகராது. சில பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று இன்னொரு உள்கெடுவும் வைத்திருக்கும்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. எல்எஸ்இயில் இடம் நிரம்ப நிரம்பக் கொடுத்துக்கொண்டே போவார்கள். செவனிங் முடிவு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அப்போது ஜூன் ஆகிவிடும், படிப்பு மூடியிருக்கும். செவனிங் நேர்காணல்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, முடிவு ஜூன் வாக்கில், ஜூலைக்குள் மூன்றில் ஒன்றிலிருந்தாவது நிபந்தனையற்ற ஆஃபர் கையில் இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் பாக்கி, பட்டச் சான்று பாக்கி என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும் ஆஃபர் செல்லாது.

5. ஆவணங்கள்: இங்கேதான் மாதங்கள் போகும்

ட்ரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் முழுத் தொகுப்பு): மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் பலருக்கு. கல்லூரி முதல்வரின் கையெழுத்து, பிறகு பல்கலைக்கழகம் என்று இரண்டு படி ஏற வேண்டும். ஜூனிலேயே தொடங்குங்கள். கூடுதல் பிரதிகளை அப்போதே வாங்கிவிடுங்கள். திரும்பப் போவது அலைச்சல்.

பட்டச் சான்று: தற்காலிகச் சான்றை வைத்து விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆஃபரிலுள்ள நிபந்தனை நீங்குவதற்குப் பட்டமளிப்புச் சான்றை அசலாகக் கேட்கும் இடங்கள் உண்டு. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள் இப்போதே கட்டணம் கட்டி வாங்கிவையுங்கள்.

பெயர்: தமிழர்களுக்கென்றே அமைந்த பொறி இது. பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஐஇஎல்டிஎஸ் சான்றில் இன்னொரு வரிசை. விண்ணப்பம், தேர்வுப் பதிவு, வங்கிக் கணக்கு என எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை நிரப்புங்கள். பழைய சான்றுகள் மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டிலேயே திருத்தம் வேண்டும் என்றால் மற்ற எதையும் தொடங்குமுன் அதை முடியுங்கள்.

ஐஇஎல்டிஎஸ்: செவனிங் தன் பங்குக்குக் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் கேட்கும். கட்டணம் 18,000 ரூபாய் அளவில், சான்று இரண்டு ஆண்டுக்குச் செல்லும். ஆங்கிலவழியில் படித்ததற்கான கடிதத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. முதலில் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துவையுங்கள். எழுத்துப் பகுதியில் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்தத்தில் தேறி எழுத்தில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்து திரும்பவும் முழுக் கட்டணம் கட்டுவது சாதாரணமாக நடக்கிறது.

பரிந்துரையாளர்கள்: இரண்டு பேர். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நாலு பொதுவான வரியைவிட, உங்களோடு வேலை பார்த்த வட்டார மருத்துவ அலுவலர் எழுதும் ஒரு பக்கம் எடை கூடியது. அவர்களின் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். ஜிமெயில் முகவரியைக் கண்டால் சில பல்கலைக்கழகங்கள் நம்புவதில்லை. கெடுவுக்கு முன் நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

6. கட்டுரைகள்: நோயாளியிலிருந்து முடிவுக்குப் போங்கள்

செவனிங்கில் நான்கு கேள்விகள்: தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்ப்பது, ஏன் இந்தப் படிப்பு, எதிர்காலத் திட்டம். நம் துறையினரிடம் நான் படித்துப் பார்த்த வரைவுகளில் ஒரே நோய்தான். மருத்துவமனையில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தோம், எத்தனை முகாம் நடத்தினோம் என்று பக்கம் நிரம்பியிருக்கும். அது நல்ல வேலைதான், ஆனால் அது சிகிச்சை. கொள்கைப் படிப்புக்கு ஆள் எடுப்பவர் வேறொன்றைத் தேடுகிறார்: ஒரு விதி, ஒரு நடைமுறை, ஒரு செலவினம் உங்களால் மாறியதா?

ஓர் உதாரணம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எழுதினால் அது பணிக்குறிப்பு. பகலில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டில் இல்லை என்பதால் அவர்கள் பட்டியலிலிருந்து விடுபடுவதைக் கவனித்தேன், வேலை நடக்கும் இடத்துக்கே மாத்திரையைக் கொண்டுபோக வட்டார அலுவலரைச் சம்மதிக்கவைத்தேன், அதற்குக் கிராம சுகாதார செவிலியர்களோடு அட்டவணையை மாற்றினேன் என்று எழுதினால் அங்கே ஒரு முடிவும் ஓர் எதிர்ப்பும் ஒரு பேச்சுவார்த்தையும் இருக்கின்றன. பதவி சின்னதாக இருப்பது குறையே இல்லை. நீங்கள் உண்மையில் செய்ததை எழுதுங்கள். நேர்காணலில் இதைத்தான் நூல் பிடித்துக் கேட்பார்கள், இட்டுக்கட்டியது இரண்டாம் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

எதிர்காலத் திட்டத்தில் நாட்டின் சுகாதாரத்தை மேம்படுத்துவேன் என்ற வகை வாக்கியங்களுக்கு இடமே கொடுக்காதீர்கள். திரும்பி வந்து முதல் இரண்டு ஆண்டு எந்த மேசையில் உட்காருவீர்கள்? மாநிலத் திட்டக் குழுவா, தேசிய சுகாதார இயக்கத்தின் மாநில அலுவலகமா, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமா, ஓர் ஆய்வு நிறுவனமா? நான் மருந்து வினியோகத்திலிருந்து வந்தவள் என்பதால் மருந்துக் கழகத்தையே எழுதினேன். தமிழ்நாட்டில் மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போயிருக்கின்றன. அதில் இன்னும் ஓட்டையாக இருப்பது எது, அதை அடைக்க எந்தப் பாடம் உதவும் என்று நேராகக் கோடு போட முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கோடு இருக்கும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் அவசரப் பிரிவு நர்ஸாக வேலை பார்த்தவருக்கு, 49ஆம் மணியில் நடப்பது தெரியும். அதைவிட நல்ல கொள்கைக் கேள்வி எது?

காமன்வெல்த்தில் வளர்ச்சிக்கு உங்கள் படிப்பு என்ன செய்யும் என்று கேட்பார்கள். யாருக்கு, எந்த மாவட்டத்தில், எத்தனை ஆண்டில், எதை வைத்து அளப்பீர்கள் என்ற நாலுக்கும் பதில் இருக்க வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் ஏஜென்சிகளிடம் போகாதீர்கள். எனக்குக் காட்டப்பட்ட ஒரு மாதிரிக் கட்டுரையில் விண்ணப்பதாரரின் பெயரை மாற்றினால் போதும், யாருக்கும் பொருந்தும். அந்தக் காரணத்துக்காகவே அது தேறாது. விண்ணப்பக் கட்டணம் என்று எதையும் செவனிங்கோ காமன்வெல்த்தோ வாங்குவதில்லை. வாங்குவதாக யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

7. நேர்காணல்

எழுதிய கட்டுரையை அச்செடுத்துத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் போங்கள். கேள்விகள் அதிலிருந்துதான். மூன்று படிப்புகளின் பாடப் பெயர்கள், அவை ஏன் என்று தயக்கமில்லாமல் சொல்ல வர வேண்டும். ஆங்கிலம் கம்பீரமாக இருக்க வேண்டியதில்லை. நிதானமாகப் பேசுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

8. விசாவும் கைப்பணமும்

தேர்வானதும் உதவித்தொகைக் கடிதத்தை உடனே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் வழக்கம்போல் முன்பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வரும். கடிதத்தைக் கண்டால் பல இடங்களில் விலக்கு தருவார்கள். அதன்பிறகு சிஏஎஸ் எண் வரும், அதாவது உங்களுக்கு இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் தரும் எண். அது இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

மாணவர் விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. அடிக்கடி ஏறுகிறது, விண்ணப்பிக்கும் நாளில் பாருங்கள். இதோடு சுகாதார மேல்வரி மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கும் விசா 16 மாதம்போல் வரும் என்பதால் ஒன்றரை ஆண்டுக்குக் கணக்குப் போடுவார்கள்: 1,164 பவுண்டு. செவனிங் இந்தச் செலவைப் பார்த்துக்கொள்ளும். பகுதி உதவித்தொகை வாங்குபவர்கள் இதை முழுதும் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனைச் சான்று கட்டாயம். பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், உங்கள் மருத்துவமனை எக்ஸ்ரே செல்லாது. சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும். பிப்ரவரியிலேயே எடுத்துவிட்டால் ஆகஸ்ட்டில் காலாவதியாகிவிடும்.

வங்கி இருப்புக் கணக்கு: முழு உதவித்தொகை தரும் அரசு அமைப்பின் கடிதம் இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்கள் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்டு, வெளியே என்றால் மாதம் 1,171 வீதம் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் வந்த கணக்கு இது. கட்டணப் பாக்கி இதற்கு மேல். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் விசா போச்சு. ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி வரிப் பிடித்தம் செய்யும். கல்விக் கடன் வழியாகப் போனால் இல்லை. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

முழு உதவித்தொகை வாங்குபவரும் ஐஇஎல்டிஎஸ், ட்ரான்ஸ்கிரிப்ட், எல்எஸ்இ போன்றவற்றின் விண்ணப்பக் கட்டணம், சென்னைக்குப் போய்வருவது, காசநோய்ப் பரிசோதனை, குளிர் உடுப்பு, வீட்டுக்கு முன்பணம் என்று கைக்காசைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இவற்றில் சில பின்னால் திரும்ப வரும், ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். முதல் மாதத் தொகை நீங்கள் இறங்கிய அன்றே வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே ஒரு மாத வாடகையும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

திருமணமானவர்களுக்கு ஒன்று. 2024 ஜனவரியிலிருந்து, அரசின் முழு உதவித்தொகை இல்லாத வகுப்புவழி முதுகலை மாணவர்கள் கணவரையோ மனைவியையோ குழந்தையையோ சார்ந்தவர் விசாவில் அழைத்துப்போக முடியாது. விண்ணப்பிக்குமுன் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

9. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு

தடையின்மைச் சான்றும் படிப்பு விடுப்பும் இரண்டு தனிக் கோப்புகள், இரண்டும் தனித்தனி மேசைகளில் நகரும். விண்ணப்பிக்கும் மாதத்திலேயே துறைக்கு எழுதித் தொடங்குங்கள். ஜூனில் முடிவு வந்தபின் தொடங்கினால் செப்டம்பருக்குள் ஆணை வராது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு விடுப்பே இருக்காது. திரும்பி வரும்போது அதே இடம் இருக்குமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் எதிர்காலத் திட்டக் கட்டுரையில் அந்த அலுவலகத்தை எழுதாதீர்கள், வேறு மேசையைத் தேடுங்கள்.